கிடாய்க்கு முதுகு காட்டியவர்

நான் சொல்லப் போவது உண்மைக் கதை. அவிநாசித் தேர்ச் சக்கரத்துக்குக் கீழே தலையை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். தேர் நிலையில் நிற்கிற நாளாக இருந்தால் போதும்.

அன்றைக்குக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எங்கள் பனியன் கம்பெனியில் கரண்ட் போனால் மெஷின்கள் வாயை மூடிக்கொள்ளும். நான் வாயைத் திறப்பேன். தையல்காரர்கள் திருமூர்த்தியும் குமாரவேலும் துணி ரோல் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். செக்கிங் பார்க்கிற பழனாயி காலை நீட்டிக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் அர்த்தநாரியண்ணன் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"போன தடவையும் உண்மைக் கதைன்னுதான் சொன்னீங்ண்ணா," என்றான் திருமூர்த்தி. "அதுல ஒரு எருமை நொய்யல்ல முங்கிக் கரூர்ல எந்திரிச்சுது."

"எருமை உண்மைடா. கரூரைத்தான் கொஞ்சம் இழுத்துப்போட்டேன்."

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இழுக்கிற பழக்கம் உண்டு. பனியன் துணியோடு புழங்குகிறவன் வேறு எப்படி இருப்பேன்? இந்தக் கதையிலும் நூல் உண்மை. இழுத்த இடத்தை நீங்களே விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். கூட்டங்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். நம் பக்கத்தில் ஒருத்தனை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வான். அவன் கூட்டத்தைச் சொன்னால் சொன்னவனுக்குப் பல் மிஞ்சாது. அதனால் ஒன்றுக்குக் கொள்ளுக்கூட்டம், இன்னொன்றுக்கு எள்ளுக்கூட்டம் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். தெற்கேயிருந்து வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: கூட்டம் என்றால் ஒரே வம்சம்; ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வம் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கல்யாணம் என்று வாயால் சொன்னாலே ஊர் கூடிவிடும்.

கதாநாயகர் பெயர் சென்னியப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, அறுபத்தொன்று வாக்கில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு சீக்கு, பொறாமை. பக்கத்து மெஷினில் துணி கொஞ்சம் நேராக இறங்கினால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் காரில் வந்து இறங்கினார். "போன மாசம் எனக்கு வந்தப்ப இதே டாக்டர் சைக்கிள்ல தானப்பா வந்தாரு!" என்று என்னிடம் வந்து நொந்துகொண்டார். அந்த நேரத்தில் அவர் வயிற்றின் மேல் பனியனை விரித்திருந்தால் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு எடுத்திருக்கலாம்.

அந்த அடுப்புக்கு விறகு போட்டவர் அவருடைய மச்சான் பொங்கியண்ணன். சென்னியப்பனின் சம்சாரம் மயிலாளுக்கு அண்ணன். கொள்ளுக்கூட்டத்துக்காரர்.

கொள்ளுக்கூட்டத்துக்குத் தாராபுரம் பக்கம், அமராவதிக் கரையில் ஒரு கோயில். வருஷா வருஷம் மாசியில் நோம்பித் திருவிழா. லாரி பிடித்துக்கொண்டு போவார்கள். அங்கே முதல் மரியாதை பொங்கியண்ணன் குடும்பத்துக்கு. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். வெட்டின கிடாயின் தலை அவர் வீட்டுக்கு. சென்னியப்பன் மருமகன் முறை என்பதால் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அந்த நாலு முழத் துணி மச்சான் தலையில் ஏறும்போது இவருக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கும்.

"சரி, அவருக்கும் அவர் கோயில்ல கட்டுவாங்கள்ல?" என்றாள் பழனாயி.

அங்கேதான் கதையே இருக்கிறது. சென்னியப்பனுக்குக் கோயில் இல்லை. அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, எங்கிருந்தோ வந்து அவிநாசிபாளையத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு நின்றவர். ஊர் கேட்டால் 'அக்கட்டால', அந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவாராம்; எந்தக் கூட்டம் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்காரர் எள்ளுக்கூட்டம். "கேட்டா நம்ம கூட்டம்னு சொல்லிக்கப்பா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்த இரவல் கூட்டத்தை வைத்துத்தான் சென்னியப்பனுக்கு மயிலாளைக் கட்டினார்கள். ஆனால் எள்ளுக்கூட்டத்துக் கோயிலிலிருந்து இவர்கள் வீட்டுக்கு வரி கேட்டு யாரும் வருவதில்லை என்பது பொங்கியண்ணன் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. வரி கேட்காத கோயில் உன் கோயில் இல்லை. நம் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த நேரம் பார்த்து மயிலாள் ஒரு பையனைப் பெற்றாள். குழந்தைக்கு முதல் மொட்டை குலதெய்வத்தின் முன்னால்தான் எடுக்க வேண்டும். கோயில் இல்லாத வீட்டில் எங்கே எடுப்பது? "என்ற கோயிலு கெடைக்கற வரைக்கும் என்ற பையன் தலையில கத்தி படக்கூடாது" என்று சென்னியப்பன் சபதம் போட்டுவிட்டார். கத்தி படவில்லை. முடி வளர்ந்தது. பையன் நடக்க ஆரம்பித்தபோது முடி அவனுக்கு முன்னால் நடந்தது. மயிலாள் அதைப் பின்னி, கனகாம்பரம் வைத்து, கண்ணுக்கு மையும் எழுதிவிட்டாள்.

அந்த வருஷ நோம்பியில் பரிவட்டத்தோடு நின்ற பொங்கியண்ணன், கூட்டம் மொத்தமும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏனுங் மாப்ள, பையனுக்கு எப்பங்க மொட்டை? இன்னம் கொஞ்ச நாள் போனாப் பொண்ணுக் கேட்டு வந்துருவாங்களாட்ட இருக்குதுங்களே!"

"எங்க கோயில்ல எடுக்கோணுமுங் மச்சான்."

"எடுங்க, எடுங்க. கோயில் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா நாங்களும் ஒறம்பரையா வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போவமுங்க. உங்கப்பாரு கையக் காட்டுனாரே, அக்கட்டாலன்னு, அங்கீங்களா?"

சிரிப்பில் கோயில் மணி தானாக அடித்தது. சரி, மணியை விட்டுவிடுங்கள். சிரிப்பு உண்மை.

சென்னியப்பன் மறுநாளே தன்னைப் பெற்ற அய்யன் மணியனிடம் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன்.

"அப்பாரு எங்கிருந்துதானுங்கய்யா வந்தாரு?"

"எனக்கென்னடா தெரியும்? வந்தப்பக் கையில ஒரு கயிறு, கயித்துல ஒரு கெடாயி. அதுதான் சொத்து. பேரு கேட்டா நல்லான்னாரு. எந்த ஊருன்னா தெக்க கையக் காட்டி 'அக்கட்டாலைங்க'ம்பாரு. எந்தக் கூட்டம்னா 'அதும் அக்கட்டாலதானுங்க'ம்பாரு. சாகற வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்த வல்ல."

"அந்தக் கெடாயி?"

"அத வெட்ட உட்டாத்தான? வெலைக்குக் கேக்க வந்தவன அடிக்கப் போனாரு. வயசாகித் தானாச் செத்துது. மனுசனாட்டம் குழி வெட்டிப் பொதச்சுப்போட்டு மூணு நாள் பேசுல. அடுத்தவங்க கெடாய வெட்டுனாக்கூடப் பாக்க மாட்டாரு. முதுகத் திருப்பிக்குவாரு. அதப் பாத்துப் பாத்து நாங்களும் அப்படியே நிக்கறோம். உனக்கும் அதே பழக்கம்."

ஆமாம். சென்னியப்பனும் கிடாய் வெட்டும்போது திரும்பித்தான் நிற்பார். மச்சான் கோயிலிலும் அப்படித்தான். "மாப்ளைக்கு ரத்தம்னா பயமுங்க" என்று பொங்கியண்ணன் அதையும் விட்டுவைக்கவில்லை. உலகத்தில் எல்லோரும் அப்படித்தானே நிற்கிறார்கள், என்னை மட்டும் ஏன் கிண்டல் செய்கிறான் என்று இவருக்கு ஆத்திரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேடல் ஆரம்பம். கம்பெனி லீவு நாளெல்லாம் சைக்கிள் தெற்கே போகும். சென்னியப்பன் மிதிப்பார். நான் கேரியரில். மிதித்தவர் அவர், களைத்தவன் நான். ஏனென்றால் வழியெல்லாம் அவர் பொறாமையை நான் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஒரு ஊரில் "நல்லான்னு ஒருத்தருங்க..." என்று தொடங்கினோம். கேட்டவர் முடிக்கவே விடவில்லை. "அப்படி ஒருத்தன் இந்த ஊருல பொறக்கவே இல்லீங்க!" என்று சொல்லிக்கொண்டே நாயை அவிழ்த்துவிட்டார். பூமியில் பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அந்த நாய் எங்களைக் குண்டடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

இன்னொரு ஊரில் நேர்மாறு. "வாடா, என்ற ரத்தமே!" என்று ஒரு பெரியவர் சென்னியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்லான் பாரம் ஏற்றின வண்டியை ஒற்றைக் கையில் தூக்கினதையும், பாம்பைப் பல்லால் கடித்ததையும் சொன்னார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என்னைவிட நன்றாக இழுத்தார். பலகாரமெல்லாம் தின்ற பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஒரு வாய்க்கால் வழக்கில் சாட்சி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நல்லானுக்கு ஒரு கிடாய் உண்டா என்று கேட்டோம். "கெடாயா? ஆனையே வெச்சிருந்தான்" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

போகிற ஊரிலெல்லாம் மரத்தடியில் எவனாவது ஒருத்தன் உட்கார்ந்து தன் ஏழு தலைமுறைப் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சென்னியப்பன் அவனையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். "பாருப்பா, கோவணம் கட்டத் துணியில்ல. இவனுக்கு ஏழு அப்பாரு! எனக்கு ஒண்ணுக்கே வழியில்ல."

கடைசியாக ஒருநாள் தாராபுரத்தைத் தாண்டி, வயலுக்கு நடுவே ஒரு வண்டித்தடத்தில் வழி தவறிப் போனோம். ஆற்றங்கரையில் ஒரு கோயிலின் பின்சுவர். அதை ஒட்டி ஒரு குடிசை. வாசலில் ஒரு கிழவி பொரி புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கருப்பாத்தாள். வயது நூற்றிருபது இருக்கும். இழுத்ததை விட்டால் எண்பது. கண் பார்வை மங்கல்.

"யாருங் கண்ணு, இந்த வெயில்ல?"

"அவிநாசிபாளையத்துப் பக்கமுங் ஆத்தா. எங்கப்பாரு இந்தத் தெசையிலிருந்து வந்தவருங்க. நல்லான்னு பேரு. கையில ஒரு கெடாயப் புடிச்சுட்டு..."

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கெடாயி என்ன கண்ணு ஆச்சு?"

அவர் யார், எவர் என்று ஒரு கேள்வி இல்லை. கிடாய் என்ன ஆயிற்று!

"வயசாகிச் செத்துப்போச்சுங் ஆத்தா."

"அட பாவத்த! சாமிக்கு நேந்து உட்டதாச்சே. அன்னைக்கு நிறுத்துன பூசை இன்னும் பாக்கி நிக்குதே," என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள். அவள் அப்போது சின்னப் பிள்ளை. அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் நல்லான். முதல் மரியாதை மூத்தவனுக்குத்தான். நோம்பி அன்றைக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பிடித்துவரப் போன நல்லான், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் அக்கரையில் மாட்டிக்கொண்டான். நேரம் தப்பக்கூடாது என்று பூசாரி பரிவட்டத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டார்.

"கெடாயோட வந்தவன் தம்பி தலையப் பாத்தான் கண்ணு. மூஞ்சி அப்படியே அடுப்புக்கரி. ஒரு வார்த்த பேசுல. கயித்தயும் உடுல. வந்த காலோட வடக்க பாத்து நடந்தவன்தான்."

நான் சென்னியப்பன் முகத்தைப் பார்த்தேன். அதே அடுப்புக்கரி. பத்திரம், சாட்சி, ஜாதகம் எதுவுமே வேண்டாம். இது அந்த நல்லானின் பேரன்தான்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு," என்றாள் கிழவி. "கெடாயி வெட்டையில உங்க ஊட்டுல எப்படி நிப்பீங்க?"

"திரும்பித்தானுங் ஆத்தா. எல்லாரும் அப்படித்தானுங்களே நிப்பாங்க?"

"எல்லாருமா?" பல்லில்லாத வாயால் சிரித்தாள். "சாமி திங்கறத ஊட்டுக்காரங்க பாக்கக்கூடாதுன்னு இந்தக் கோயில் கூட்டத்தாளுக மட்டுந்தான் கண்ணு திரும்புவாங்க. மருமவனுக, மாமன் மச்சானுகெல்லாம் நல்லா நின்னு வேடிக்கை பாப்பாங்க."

சென்னியப்பன் பாவம், இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வேடிக்கை பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பார்க்க, இவர் ஒருநாளும் கிடாய்ப் பக்கம் திரும்பினதே கிடையாதே.

"இது எந்தக் கோயிலுங் ஆத்தா?"

"முன்னால போயிப் பாரு."

சுவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனோம். இரண்டு மண்குதிரை, ஒரு வேப்பமரம், வருஷா வருஷம் அவர் இலை போட்டு உட்கார்ந்து கறிச்சோறு தின்ற அதே பந்தல் கால். முன்னாலிருந்தே பார்த்துப் பழகின கோயிலைப் பின்னாலிருந்து பார்த்தால் எவனுக்குத் தெரியும்? கொள்ளுக்கூட்டத்துக் கோயில்.

"என்ற கோயிலு!" என்று கத்தினார் சென்னியப்பன். "அது என்ற பரிவட்டம்! அவனுது இல்ல, என்றது! மூத்த வழி நானு!" மண்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். ஒற்றைக் காலைத் தூக்கி ஆட ஆரம்பித்தார். பொங்கியண்ணன் தலையிலிருந்து அந்தத் துணியை உருவுகிற மாதிரிக் காற்றில் உருவினார்.

பின்னாலேயே தடி ஊன்றி வந்த கிழவி சந்தோஷமாகக் கேட்டாள்: "கட்டுன புள்ள எந்தக் கூட்டம் கண்ணு?"

தூக்கின கால் தூக்கினபடியே நின்றது.

பொங்கியண்ணன் பங்காளி என்றால் மயிலாள் யார்? இவருடைய அப்பாரும் அவளுடைய அப்பாரும் கூடப்பிறந்தவர்கள். இவர் தாலி கட்டினது தங்கை முறைக்கு.

"மறந்துபோச்சுங் ஆத்தா," என்றார் சென்னியப்பன்.

 திரும்பி வருகையில், அவிநாசிபாளையம் தாண்டும்போதுதான் சொன்னார். "வாயத் தொறந்தா பரிவட்டம் என்றது. தொறக்காட்டிப் பொண்டாட்டி என்றவ."

அன்று முதல் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டார். மயிலாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் தலையைக் குனிந்துகொண்டு, "வெச்சுட்டுப் போம்மா" என்பார். அம்மாவாம்! எந்தப் பெண் சும்மா இருப்பாள்? ஞாயிறு தவறாமல் தாராபுரம் போனவர், திரும்பி வந்து வாசலில் படுக்கிறார் என்றால் அர்த்தம் வேறென்ன? மயிலாள் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. தாராபுரத்துல யாரு?"

"ஒரு கெழவிம்மா."

"பேரு?"

"கருப்பாத்தாள்."

"என்ன விக்கறா?"

"பொரிம்மா."

"பொரி விக்கறவகிட்டயா போயிட்டாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் அந்தச் சீக்கு கொஞ்சம் உண்டு. பின்னே, அதே அப்பாருகளின் ரத்தம்தானே. அன்றைக்கு வீட்டுக்குப் போய், சோற்றுப் போசிப் பாத்திரத்தை நடுவாசலில் வைத்துவிட்டு, "பொரிக்காரி ஊட்டுலயே போயித் தின்னுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். சென்னியப்பனுக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

 மயிலாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "உங்களுக்குப் பரிவட்டம் வேணுமா, நான் வேணுமா?"

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றாராம் இவர். இதை நான் இழுக்கவில்லை. நூல் உண்மை.

"யோசிச்சாரா? செவுளோட ஒண்ணு உட்டிருக்கோணும்!" என்றாள் பழனாயி.

"கதையா இது? நிறுத்திப்போட்டுத் துணிய மடிக்கற வேலையப் பாருப்பா," என்றார் அர்த்தநாரியண்ணன் மேஜையிலிருந்து. கத்தரிக்கோலில் அதற்குள் அரைக்கால் படி எண்ணெய் இறங்கியிருக்கும்.

மயிலாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "சாமிக்குப் பாக்கி நிக்கற கெடாயக் குடுத்துருங்க. மருமவன் குடுக்கறதாக் குடுங்க. ஆனா அன்னைக்கு மருமவனாட்டம் நின்னு நேராப் பாக்கோணும். நீங்க முதுகத் திருப்புனீங்கன்னா நான் உங்களுக்குத் தங்கச்சிதான். அண்ணன் ஊட்டோட போயிருவேன்."

மாசி வந்தது. சென்னியப்பன் ஒரு கருங்கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். கோயிலில் கருப்பாத்தாள் பொரிக்கடை போட்டிருந்த பக்கம் தலைகாட்டவே இல்லை. பூசாரி பரிவட்டத்தைப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றும் பொங்கியண்ணன் தலையில் விழ விழ, சென்னியப்பன் கையில் இருந்த கயிறு இறுகியது. கிடாய்க்கே மூச்சு முட்டி அவரைத் திரும்பிப் பார்த்தது.

"மாப்ள!" என்றார் பொங்கியண்ணன். "நம்ம கோயிலுக்குக் கெடாயெல்லாம் குடுக்கறீங்க. உங்க கோயிலக் கண்டுபுடிக்க முடியலீன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, இங்கயே ஒரு ஓரமா எடம் உடறோம்."

ஊரே சிரித்தது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். தூரத்தில் மயிலாள், பின்னல் போட்ட பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை அவர் மூடினார். மூடின சத்தம் எனக்குக் கேட்டது.

கொட்டு முழங்கியது. கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கொள்ளுக்கூட்டம் மொத்தமும் ஒரே மாதிரி முதுகைத் திருப்பியது. சென்னியப்பனின் தோளும் பழக்கத்தில் பாதி திரும்பிவிட்டது. மயிலாளின் கால் ஒரு அடி முன்னால் வந்தது. தோள் திரும்பி வந்துவிட்டது.

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அந்தக் காட்சியைப் பார்த்தார். திரும்பின கூட்டத்தின் முகமெல்லாம் இவரைப் பார்த்து. அதில் நட்டநடுவே பரிவட்டத்தோடு பொங்கியண்ணன். அவருக்குப் பின்னால் கிடாய்.

கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு. அது சிலிர்க்கவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார்கள். நின்றது. திரும்பி நின்றவர்களுக்குத் தெரியாதே. "மாப்ள, துலுக்குச்சுங்களா?" என்று பொங்கியண்ணன் இவரைத்தான் கேட்டார். "இல்லீங்" என்றார் இவர். மறுபடியும் குடம், மறுபடியும் "துலுக்குச்சுங்களா?", மறுபடியும் "இல்லீங்". எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சாமிக்கு என்ன குறை என்று பூசாரி முணுமுணுத்தார்.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. உதடு அசையாமல் சென்னியப்பன் சொன்னார்: "அப்பாரு, இது உங்க கெடாயிங்க. துணி அவங்ககிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

கிடாய் கொம்பிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது. அரிவாள் இறங்கியது. சென்னியப்பன் கண்ணை அகல விரித்து, கடைசி வரை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெட்டின மரம் மாதிரி அப்படியே மல்லாந்து விழுந்தார்.

ஓடி வந்தவர்களில் முதல் ஆள் பொங்கியண்ணன். "மாப்ள! மாப்ள!" என்று மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. கைக்குத் துணி அகப்படவில்லை. தலையிலிருந்த பரிவட்டத்தை ஒரே உருவாக உருவி, குடத்துத் தண்ணீரில் முக்கி, சென்னியப்பன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "ரத்தம் ஆகாதுன்னா எதுக்குங்க பாத்தீங்க? யாரு உங்களப் பாக்கச் சொன்னது?" என்று அழுதார். எத்தனை கிண்டல் செய்தாலும் தங்கச்சி புருஷன் அல்லவா.

சென்னியப்பன் கண் விழித்தார். தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்துணி. நெற்றியிலிருந்து பின்மண்டை வரை தடவினார்.

"இது என்னதுங் மச்சான்?"

"ஒண்ணுமில்லீங்க, பரிவட்டந்தான். அவிழ்த்துரட்டுமா?"

"இருக்கட்டுமுங்க. ஈரம் காயட்டும்."

காயவே இல்லை. கறிச்சோறு தின்னும்போது காயவில்லை. லாரியில் வரும்போது காற்றில் எல்லோர் வேட்டியும் காய்ந்தது, அது மட்டும் காயவில்லை. திருப்பூரில் இறங்கி, நாலு தெரு சுற்றிக்கொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டார்.

பையனுக்குச் சிவன்மலையில் முருகன் சன்னிதியில் மொட்டை. எந்தக் கூட்டம் என்று கேட்காத சாமி. தாய்மாமன் பொங்கியண்ணன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அப்புறம் வருஷா வருஷம் மச்சான் தலையில் துணி ஏறும்போதெல்லாம் சென்னியப்பன் ஒரு சொம்பு மோர் குடிப்பார். அவ்வளவுதான் கதை.

நான் முடித்து மூச்சுவிடவில்லை. குமாரவேல் துணி ரோலிலிருந்து குதித்தான்.

"நில்லுங்ண்ணா. கெடாய்க்கு முதுகு காட்டறது எங்க கூட்டமுங்க. பரிவட்டத்த அவுத்துக் கண்டவன் தலையில கட்டுனாங்கன்னு எங்களையா சொல்றீங்க?"

"உங்க கூட்டமா?" திருமூர்த்தியும் எழுந்துவிட்டான். "உங்காளுக எப்படா திரும்பி நின்னீங்க? கறி எந்தப் பக்கம் வேகுதுன்னு பாத்துட்டுத்தான நிப்பீங்க. அது நாங்க. எங்க பூசாரியத்தான் அண்ணன் சொல்றாரு."

"மூத்த வழி ஓடிப் போனது உங்களுதா எங்களுதா?"

"எங்களுது! எங்காளுதான் ஓடிப்போனாரு. உங்க பரம்பரைக்கு ஓடக்கூடத் தெரியாதே!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடா!" என்று பழனாயி நடுவே புகுந்தாள். "அண்ணா, அந்தப் புள்ள இப்பப் பொண்டாட்டியா, தங்கச்சியா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"தங்கச்சிதான்!" என்றான் ஒருத்தன். "தாலி ஏறுனா ஏறுனதுதான்!" என்றான் இன்னொருத்தன். குமாரவேல் திருமூர்த்தியின் பனியனைப் பிடித்தான். நம் கம்பெனிப் பனியன். முழங்கால் வரைக்கும் வந்தது, கிழியவில்லை. பட்டன் டப்பா உருண்டது. பழனாயி செக்கிங் ஸ்கேலைத் தூக்கிவிட்டாள்.

அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. மெஷின்களெல்லாம் ஓட ஆரம்பித்தன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்கள்.

கட்டிங் மேஜையில் அர்த்தநாரியண்ணன் மட்டும், முதல் அடி விழப்போகிறது என்று தெரிந்ததும், எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"அண்ணா," என்று அவர் முதுகைப் பார்த்துக் கை நீட்டினாள் பழனாயி, ஸ்கேலை ஓங்கினபடியே. "அங்க பாருங்ண்ணா, அவரு ஏன்..."

அவள் முடிக்கவில்லை. திருமூர்த்தி எறிந்த கோன் நூல்கண்டு நேராக என் வாயில் வந்து விழுந்தது.